வாசல் போர்டு மாறலீங்க

— அந்தப் பன்னக் கீழ வெச்சுருங்கத்தை. உங்க கால்ல வேண்ணாலும் உழுகறேன், அதக் கடிச்சுப்போடாதீங்க.

— ஆத்தி! பஸ் ஸ்டாண்டுல வச்சு என்ன காரியம் பண்ணுறீக ராசா. எந்திரிங்க, மொத எந்திரிங்க. பொண்ணோட அண்ணன், வேட்டியெல்லாம் மண்ணாகுது.

— மண்ணாகட்டுமுங். என்ற தங்கச்சி கல்யாணத்துக்குத் தேவிகுளத்துல இருந்து வந்த மாப்பிள்ளையோட தாய்மாமனும் அத்தையும், பட்டுச்சேலையும் சரிகை வேட்டியுமா, கொழிஞ்சாம்பாறை ஸ்டாண்டுல உக்காந்து பன்னுத் திங்கறாங்க. இனி மண்ணாகறதுக்கு எங்கூட்டுல என்னங் மிச்சமிருக்குது?

— தம்பி, சந்துரு தம்பி, விட்டுத் தள்ளுங்க. இதெல்லாம் ஒரு இதா? இவளுக்குப் பன்னுன்னா உசுரு. கல்யாணச் சோத்த வச்சாலும் பன்னுதான் கேப்பா.

— யாரு, நானா?

— ஏத்தா, செத்த சும்மா இரு.

— மேடையில மாப்பிள்ளை ‘ராக்கப்பன் மாமா எங்க, சாந்தம்மாத்தை எங்க’ன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக் கழுத்தச் சுளுக்கிக்கிட்டாருங். மாலையும் கழுத்துமாத் தெருவுல எறங்கப் போனாரு. நாந்தான் ‘நீங்க நில்லுங் ராஜசேகர், தப்புப் பண்ணுனவன் நானு, நாம்போய்க் கூட்டியாறேன்’னு வண்டிய எடுத்துட்டு வந்தேன்.

— நீங்க என்ன ராசா தப்புப் பண்ணீக?

— போர்டுங்கத்தை.

— எந்தப் போர்டு?

— அதான் சாந்தா, அந்தப் போர்டு. நம்ம உக்காந்திருந்த வாசப் பந்தல்ல பெருசா டிவி ஒண்ணு வச்சிருந்தாகள்ல. அது மாறல. அதான நம்ம கெளம்பினோம்.

— ஓ. அந்தப் போர்டா.

— அதேதானுங். எங்கப்பா மேடைக்கே வந்து என்ற காதுல சொன்னாரு. ‘உன்ற டிவி மாறாமப் போச்சுடா, மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரைய யாரும் சாப்படக் கூப்புடல, கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போய்ட்டாங்க’ன்னு. எனக்குக் காலுக்கடியில மேடையே இல்லீங். ஃபோட்டோகிராபர் வேற ‘சிரிங்க சேட்டா, சிரிங்க’ங்கறான். அந்த ஃபோட்டோவுல என்ற மூஞ்சியப் பாத்தீங்கன்னா, சிரிக்கற குரங்குக்கு வயித்தால போறாப்டி இருக்கும்.

— அட விடுங்க தம்பி.

— மாப்பிள்ளை உங்களுக்குப் போன் போட்டாராமல்லங். நீங்களும் அதேதான் சொன்னீங்களாம்.

— ஆமா, சொன்னேன். ‘போர்டுக் கோளாறாமே மாமா’ன்னு கேட்டான். ‘ஆமாய்யா, நம்ம பேரு வரல, பஸ்ஸுக்கும் நேரமாச்சு, இருட்டுறதுக்குள்ள சின்னாறு தாண்டணும், ரோட்டுல ஆனை நிக்கும்’னு சொன்னேன்.

— சொன்னாக. கொஞ்சங்கூட வாய் கூசாமச் சொன்னாக.

— சாந்தா!

— நா ஒண்ணுஞ் சொல்லல. பன்னத் திங்கேன்.

— திங்காதீங்கத்தை! அக்கட்டால டீக்கடையில பாருங். உங்க எஸ்டேட் லயத்து ஆளுங்க அத்தன பேரும் வரிசையா நின்னு டீயில பன்ன முக்கிட்டு இருக்காங்க. அந்தப் பின்சி அக்கா என்னயப் பாத்துட்டு முந்தானைக்குள்ள பன்ன ஒளிக்குது. எனக்குத் திருடனப் புடிச்ச போலீசாட்டவும் இல்ல, போலீசுகிட்ட மாட்டுன திருடனாட்டவும் இல்ல. ரெண்டும் கலந்து என்னமோ ஆகுது.

— எங்க ஆளுகளுக்குப் பசி தாங்காது தம்பி. வெள்ளன நாலு மணிக்கே வண்டி ஏறுனது. அம்புட்டுத்தான். கோவமெல்லாம் இல்ல.

— கோவிக்கோணுமுங் மாமா. எங்கூட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துல மொதப் பந்தி மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரைக்குத்தான். அதையும் அவிங்களே வந்து உக்காரக் கூடாது. பொண்ணோட அண்ணன் நேர்ல போயி, கும்பிட்டு, ‘வாங், சாப்புடலாம் வாங்’ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரோணும். கூப்புடாத பந்தியில மானமுள்ளவன் கைய நனைக்க மாட்டான். நா என்ன பண்ணுனேன்? எனக்குப் பதிலா ஒரு டிவிய வெச்சேன்.

— அது நல்லாத்தான் இருந்துச்சு ராசா. பூவெல்லாம் வரைஞ்சு.

— பூவு! கெரகம். ஊர்ல எவனும் பண்ணாததப் பண்ணோணும்னு ஆசைங்கத்தை. நா கம்பெனியில என்ன வேலை செய்யறேன் தெரியுங்களா? வெள்ளக்காரன் இன்டர்நெட்டுல செருப்பு வாங்கற பக்கத்துல, செருப்பு தீந்து போனா ‘தீந்து போச்சு’ன்னு காட்டோணும். அவ்வளவுதான் என்ற ஆயுசு. தங்கச்சி கல்யாணத்துலயாச்சும் நம்ம வித்தைய நாலு பேரு பாக்கட்டும்னு எறங்குனேன். நாலு பேரு பாத்தாங்க. மாப்பிள்ளையோட தாய்மாமன் பட்டினியாப் போறதப் பாத்தாங்க.

— எனக்கு ஒண்ணு வெளங்கல தம்பி. டிவி ஓடிக்கிட்டுதான இருந்துச்சு. ஓடுற டிவி எப்பிடி மாறாமப் போகும்? கொஞ்ச நேரம் கரண்டு போயிருக்குமோ?

— கரண்டில்லீங். சொல்றேன் கேளுங். டிவியில தெரியறது ஒரே பக்கம். அந்தப் பக்கத்துல மூணு பெட்டி போட்டிருந்தேன். மேல ஒரு பெட்டி, எத்தனாவது பந்தி ஓடுதுன்னு. பக்கவாட்டுல ஒண்ணு, எத்தன எடம் காலின்னு. கீழ ஒண்ணு, அடுத்து யாரக் கூப்புடறோம்னு. சாப்பாட்டுக் கூடத்துக் கதவுகிட்ட என்ற அத்தைமக கௌசிகா கம்ப்யூட்டரோட உக்காந்திருந்தா.

— அந்தப் பச்சைத் தாவணிப் புள்ளையா? பாவம், நல்ல புள்ள.

— அவளேதானுங். அவ ஒரு பட்டன அமுத்துனாப் போதும். ஒரே அமுத்து. அது எங்கியோ இருக்கற கம்ப்யூட்டர்கிட்டப் போயி, ‘பந்தி எந்திரிச்சாச்சு, இனி என்ன?’ன்னு கேக்கும். ஒரே கேள்வி. அங்கிருந்து ஒரே பதில். ஆனா அந்தப் பதிலுக்குள்ள மூணு துண்டு இருக்கும். ஒவ்வொரு துண்டு மேலயும் எந்தப் பெட்டிக்குப் போகோணும்னு பேரு ஒட்டியிருக்கும். பொள்ளாச்சி பஸ்ஸுல பூக்கட்டு வருமல்லங், ஒரே பஸ்ஸு, கட்டுக்குக் கட்டு ஒரு கடைப் பேரு. அந்தந்தக் கடை வாசல்ல எறக்கிட்டுப் போயிருவாங்க. அதாட்ட.

— அப்ப எங்க எஸ்டேட்டு மஸ்டரு மாதிரின்னு சொல்லுங்க. காலையில சூப்பர்வைசரு ஒரே சத்தம் போடுவாரு. அந்த ஒரு சத்தத்துலயே கொழுந்தெடுக்க இன்னாரு, மருந்தடிக்க இன்னாரு, பாக்டரிக்கு இன்னாருன்னு ஆளு பிரிஞ்சு அங்கிட்டும் இங்கிட்டும் போயிரும். பெறகு யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல.

— அதேதானுங் மாமா! ஆபீசுல இத வெளக்கறதுக்குள்ள எனக்குத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. உங்களக் கூட்டிட்டுப் போயிருக்கோணும்.

— மூணு பெட்டிக்கும் மூணு தடவ கேட்டா என்ன ராசா? ஒரே கேள்வியில என்ன சிக்கனம்?

— சிக்கனமில்லீங்கத்தை. தனித்தனியாக் கேட்டா பொய்யாப் போயிரும். ஒரு பெட்டி ‘எடம் இருக்குது’ங்கும். இன்னொரு பெட்டிக்கு இன்னும் சேதி வந்திருக்காது, அது ‘பந்தி நெறஞ்சுது’ங்கும். நிக்கறவன் எத நம்புவான்? ஒரே கேள்வி, ஒரே பதில்னா எல்லாப் பெட்டியும் ஒரே சமயத்துல ஒரே உண்மையச் சொல்லும்.

— எல்லாப் பெட்டியும் ஒரே உண்மையச் சொல்லுமாக்கும். கேக்கவே நல்லாருக்கு ராசா.

— சாந்தா, தண்ணி பாட்டில எடு. பேசிப் பேசித் தம்பிக்கு வேர்த்து ஊத்துது.

— வேண்டாமுங். நீங்க சாப்படாம எனக்குத் தண்ணி எறங்காது. மேடைக்குப் பின்னால நின்னு ரெண்டு மைசூர்பாகு முழுங்கிப்போட்டேன். அது இன்னும் இங்கியே நிக்குது, பாருங், தொண்டையில. சரிங் மாமா, நெனச்சுப் பாத்துச் சொல்லுங். எந்தப் பெட்டி மாறாம நின்னுச்சு?

— எந்தப் பெட்டின்னா?

— மேலயா, பக்கவாட்டுலயா, கீழயா?

— அது... நடுவுல.

— நடுவுல இருந்தது புள்ளையாருங்.

— ஆமா, புள்ளையாரு. அவரு மாறல.

— அவரு எப்பவுமே மாற மாட்டாருங்.

— அப்பக் கீழதான். ஆமா, கீழதான் தம்பி. செவப்பா நின்னுக்கிட்டே இருந்துச்சு, மாறவே இல்ல.

— செவப்புங்களா? நா செவப்பே வெக்கலீங்களே. கல்யாணத்துக்கு ஆகாதுன்னு எங்கம்மா சொன்னாங்கன்னு மஞ்சளும் பச்சையுந்தான் போட்டேன்.

— மஞ்சள்னுதான் சொல்ல வந்தேன். வெயில்ல செவப்பாத் தெரிஞ்சுச்சு. எனக்கு ஒரு கண்ணுல புரை வேற.

— ஆத்தி, இவுகளுக்கு எப்ப வந்துச்சு புரை?

— வருது! வந்துக்கிட்டு இருக்கு!

— செவப்பாத் தெரிஞ்சுதுன்னா... இருங், இருங். மஞ்சளு, வெயில்ல, அந்தப் பழைய டிவியில... ஆமாங், தெரியலாம். சரியாத்தான் சொல்றீங்க. தப்பு என்றதேதான். எப்படி நடந்துச்சுன்னு வண்டியில வர்றப்பவே கண்டுபுடிச்சுப்போட்டேன் மாமா.

— கண்டுபுடிச்சிட்டீகளா? என்னத்த?

— கெடுத்ததே நாந்தானுங். காலையில எங்கம்மா வந்து, ‘பொண்ணு மாப்பிள்ளை பேரு சின்னதாத் தெரியுதுடா, பெருசு பண்ணு’ன்னாங்க. பேரப் பெருசு பண்ணக் கீழ எடம் பத்தல. அந்தக் கீழ்ப்பெட்டியக் கழட்டி வேற ஒண்ணு மாட்டுனேன். புதுப் பெட்டிக்குப் புதுப் பேரு வெச்சுட்டேனாட்ட இருக்குது. ஆனா அங்கிருந்து வர்ற துண்டு பழைய பேரத்தான் தேடிட்டு வந்திருக்கும். அந்தப் பேருல பெட்டி இல்லைன்னா அது என்ன பண்ணுந் தெரியுங்களா? கத்தாது, கூப்பாடு போடாது. சத்தமில்லாமக் கீழ போட்டுட்டுப் போயிரும். மத்த ரெண்டும் டாண்ணு மாறியிருக்கும். கூப்புட வேண்டிய பெட்டி மட்டும் ஊமையாட்ட நின்னுருக்கும்.

— அடேயப்பா. அதேதான் தம்பி. அப்பிடித்தான் நடந்துச்சு. பேரு தெரியாமக் கீழ விழுந்துருச்சு.

— நீங்க என்ன பாத்தீகளா விழுந்தத?

— ஏத்தா, படிச்ச புள்ள சொல்லுதுல்ல.

— சோதிச்சுப் பாக்காம எதையும் மாத்தாதடான்னு புதுசா வர்றவங்களுக்குப் பாடம் எடுக்கறவனுங் நானு. ஊட்டுக்கல்யாணத்துல சோதிக்காம மாத்துனேன். நெம்பக் கேவலமா இருக்குதுங் மாமா. செருப்பு தீந்து போனாச் சரியாக் காட்டத் தெரியும். மனுசன் பசியோட நிக்கறதக் காட்டத் தெரியல.

— இங்க பாருங்க தம்பி. நீங்க அழுவாதீக. கல்யாண வீட்டுல ஆயிரம் நடக்கும்.

— ஒரு நிமிசமுங். கௌசிகிட்டயே கேட்டுப்போடறேன். அவதான அமுத்துனா. மணி அடிக்குது... கௌசி, நாந்தான். ஸ்டாண்டுல இருக்கேன், அத்தையும் மாமாவும் இங்கதான் இருக்காங்க. அந்தக் கீழ்ப்பெட்டி மாறுச்சா இல்லியா, சித்த நெனச்சுச் சொல்லு... ஏ, எதுக்கு அழுகற?... உன்ற மேல ஆரும் பழி போடல புள்ள... ஆரு, அப்பாவா? பக்கத்துலயே நிக்கறாரா?... செரி, அழுவாத. வெய்யி, வெய்யி.

— என்ன சொன்னா அந்தப் புள்ள?

— ஒண்ணுஞ் சொல்லல. விக்கி விக்கி அழுகறா. அப்பா பக்கத்துலயே நிக்கறாராம், அப்பறமாப் பேசறேங்கறா. அவ தப்பா அமுத்திட்டான்னு நெனச்சுப் பயந்துட்டாளாட்ட இருக்குதுங்.

— நல்ல புள்ள. அப்பவும் கண்ணு கலங்கிப் போயித்தான் நின்னா.

— எப்பங்கத்தை?

— நாங்க... நாங்க வெளிய வரையில.

— பஸ்ஸு வந்துருச்சு. பொள்ளாச்சி போர்டுதான? அது மாறியிருக்குல்ல? எந்திரி சாந்தா. நம்ம லயத்து நிமிப் பொண்ணக் கூப்பிடு, எல்லாரும் வெரசா ஏறச் சொல்லு.

— மாமா, ஏறாதீங்! நா படியில படுத்துக்குவேன். கேலிக்குச் சொல்லல. ஓட்டுற அண்ணன் எங்கூட்டுக்குப் பக்கத்து ஊட்டுக்காரரு, எறங்கிவந்து என்னயத் தூக்கி அக்கட்டால போட்டுட்டுப் போவாரு, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா என்ற தங்கச்சி இன்னும் சாப்படலீங்.

— யோகப்பிரியாவா? சாப்பிடலையா?

— யோகா எலைக்கு முன்னால உக்காந்துட்டு, கைய மடியில வெச்சுட்டு இருக்கா. ‘அவரு அம்மா போனதுக்கப்பறம் அவரத் தூக்கி வளத்தவங்க பட்டினியாப் போறாங்க, எனக்கெப்படி எறங்கும்’ங்கறா. மாப்பிள்ளையும் அதே மாதிரி. கல்யாணச் சோறு ரெண்டு எலையிலயும் ஆறிட்டுக் கெடக்குதுங்.

— ஆத்தி. என் ராசசேகரு பசி தாங்க மாட்டானே. சின்னதுலயே அழுதுருவான்.

— நாளைக்கு அவ உங்க ஊட்டுக்கு மறுவீடு வரோணும். லயத்துல உங்க ஊட்டு வாசப்படி ஏறோணும். தாய்மாமன் கைய நனைக்காமப் போன கல்யாணத்துல இருந்து எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஏறுவா? ரெண்டு பேரும் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில ஒரே ஷிப்டுல வேலை பாத்து, ஆசைப்பட்டு, எங்கப்பாவச் சம்மதிக்க வெக்கறதுக்குள்ள அவ இளைச்சுத் துரும்பாப் போய்ட்டாங். கடைசியில அப்பாவும் மனசு மாறி, நல்லபடியா முடிச்சு வெச்சாரு. நா ஒருத்தன், என்ற ஒரே ஒரு பெட்டி, எல்லாத்தையும் கெடுத்துப்போட்டேன்.

— உங்கப்பா மனசு மாறுனாகளா?

— மாறிட்டாருங்கத்தை. இல்லைன்னா இவ்வளவு பெரிய கல்யாண ஆடிட்டோரியம் புடிப்பாருங்களா?

— சாந்தா, பைய எடு. பஸ்ஸு போகட்டும்.

— போகட்டுமா?

— போகட்டும். அடுத்த பஸ்ஸுல போவோம். இல்ல, ராவுக்கு இங்க தங்கி விடிய ஏறுவோம். அந்தப் பய ஆறுன எலைக்கு முன்னால உக்காந்திருக்கான்னா எனக்குப் பஸ்ஸுல உக்கார முடியாது. தம்பி, வாரோம். ரெண்டு வாயி சாப்பிட்டுட்டு, புள்ளைகளச் சாப்பிட வச்சிட்டு வருவோம். போர்டுதான மாறல? மாறலன்னா மாறல. மெசினு. அதுக்கென்ன தெரியும்.

— மாமா! நெசமாவுங்களா? உங்க கையக் குடுங், இப்படியே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். காலையில செஞ்சிருக்க வேண்டியத இப்பவாச்சும் செய்யறேன். வண்டிய இங்கியே போட்டுட்டு நடந்தே போலாமுங். ஊரே பாக்கட்டும்.

— கைய விடுங்க தம்பி, அதெல்லாம் எதுக்கு. சும்மா கமுக்கமாப் போயி உக்காந்துட்டு வந்துருவோம்.

— கமுக்கமாவா? விட மாட்டேனுங். போனதும் நேரா மேடை ஏறி மைக்கப் புடிக்கறேன். பஞ்சாயத்து மெம்பரு, பேங்க் மேனேஜரு, எங்க பங்காளிக எல்லாத்துக்கும் முன்னால நின்னு சொல்றேன். ‘மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை சாப்படாமப் போனதுக்குக் காரணம் நாந்தான். என்ற போர்டு மாறல. நா ஒரு தண்டம், எனக்குக் குடுத்த படிப்பு வீணு’ன்னு சொல்லிட்டு, அத்தன பேரு முன்னாலயும் உங்க ரெண்டு பேரு கால்லயும் உழுகறேன்.

— அதெல்லாம் வேண்டாம் ராசா.

— வேணுமுங்கத்தை. எங்கப்பாவும் அதான் சொன்னாரு.

— என்ன சொன்னாக?

— வண்டி எடுக்கறப்ப வாசல் வரைக்கும் வந்தாரு. ‘கூட்டிட்டு வந்து மைக்குல சொல்லிருடா, உன்ற தப்புன்னு ஊருக்குத் தெரிஞ்சுட்டா அவிங்களுக்கும் மனசு ஆறிரும், நம்ம கவுரவமும் கெடாது’ன்னாரு. ரோசனை சரியாத்தானுங் இருக்குது. தப்புப் பண்ணுனவன் நானு, அவரு பேரு எதுக்குக் கெடோணும்?

— ஏங்க.

— வேண்டாம் சாந்தா.

— கேட்டீகளா அத?

— கேட்டேன். நீ வாயத் தொறக்காத. நம்ம பய காதுக்குப் போச்சுன்னா இன்னைக்கே பொண்ணக் கூட்டிக்கிட்டுப் படி எறங்கிருவான். அந்தப் புள்ளைக்குப் பொறந்த வீடே இல்லாமப் போகும். நம்ம ஒரு வேளை பசி, அதோட போகட்டும்.

— என்னங் மாமா? என்ன சொல்றீங்க ரெண்டு பேரும்?

— ஒண்ணுமில்ல தம்பி. நடங்க.

— இல்லங்க. நம்ம மானத்துக்கு நம்ம பொய் சொன்னோம், சரி. ராசசேகரு மனசு நோகக் கூடாதுன்னு சொன்னோம், அதுவுஞ் சரி. இந்தப் புள்ள செய்யாத தப்புக்கு ஊரு முன்னால நின்னு நம்ம கால்ல விழணுமா? அதப் பாத்துக்கிட்டு நான் சோத்தப் பெசஞ்சு திங்கணுமா? எனக்கு எறங்காதுங்க.

— செய்யாத தப்புங்களா? அத்தை, நாந்தானுங் அந்தப் பெட்டிய மாத்துனேன்.

— உங்க பெட்டி நல்லாத்தான் ராசா இருந்துச்சு. ‘மாப்பிள்ளை வீட்டார் உணவருந்த வருக’ன்னு கீழ பச்சையில வந்துச்சு. லயத்துல வாசிக்கத் தெரியாதவுகளுக்கும் நான் வாசிச்சுச் சொன்னேன். எல்லாரும் சந்தோசமா எந்திரிச்சு உள்ள போனோம்.

— உள்ள போனீங்களா? அப்பச் சாப்புட்டீங்களா? அப்பறம் எதுக்குங் இந்தப் பன்னு?

— வரிசையா உக்காந்து, எலையில தண்ணியுந் தெளிச்சு, ஓரத்துல உப்பும் வச்சாச்சு ராசா. அப்பத்தான் உங்கப்பா வந்து, இவுக தோளத் தொட்டு, ‘பெரிய மனுசங்கெல்லாம் நிக்கறாங்க, எஸ்டேட்டாளுக எந்திரிச்சுக்கங்க, உங்களக் கடசிப் பந்தியில பாத்துக்கலாம்’னு சொன்னாக.